இயந்திரம் தவறு செய்யுமா? மருத்துவமனைக் கருவிகளின் வரலாற்றில் ஒரு பாடம்



நம் பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிரெசர் ஐயாவின் கழுத்தில் நெஞ்சுக்குழாய் ஒன்று தொங்கும். சட்டைப் பையில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் இருக்கும். ஊசிகளைக் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம், அலமாரியில் கலவை மருந்துப் புட்டிகள், அவ்வளவுதான். இவற்றில் எது பழுதுபட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணாடி விரிந்தால் பார்க்கலாம். ஊசி மழுங்கினால் வலியே சொல்லிவிடும்.

இன்று நிலைமை வேறு. பட்டணத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் எங்கு திரும்பினாலும் இயந்திரங்கள். மருந்தைத் துளித்துளியாகக் கணக்கிட்டு நரம்பில் ஏற்றும் பம்பு, இதயத் துடிப்பைக் கோடு கோடாகக் காட்டும் திரை, சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம், புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் ஒரு கணினி இருக்கிறது. அந்தக் கணினிக்கு, இதைச் செய், இதைச் செய்யாதே என்று மனிதர் எழுதிக் கொடுத்த கட்டளைத் தொகுப்பு இருக்கிறது. அதற்குத்தான் மென்பொருள் என்று பெயர்.

காலையில் பெரட்டுக்களத்தில் மண்டோர் இடும் கட்டளைப்படி வேலை நடப்பதுபோல, மென்பொருள் இடும் கட்டளைப்படி இயந்திரம் நடக்கிறது. கட்டளை சரியாக இருந்தால் வேலை சரியாக நடக்கும். கட்டளையில் ஒரு சொல் பிசகினால்? அந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. அது எப்படிப்பட்ட தீங்கைச் செய்யும் என்பதை வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று காணப் போகிறோம்.

1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கனடா நாட்டில் தெராக்-25 என்னும் ஓர் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. கனடா அணுசக்திக் கழகம் என்ற நிறுவனம் அதனைச் செய்தது. புற்றுநோய்க் கட்டிகளைக் கதிர் பாய்ச்சி அழிப்பது அதன் தொழில். அமெரிக்காவில் ஐந்தும் கனடாவில் ஆறுமாக மொத்தம் 11 இயந்திரங்கள் நிறுவப்பட்டன.

இந்த இயந்திரம் இரண்டு விதமாக வேலை செய்யும். தோலுக்கு அருகில் உள்ள கட்டியானால் எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்களை நேரே பாய்ச்சும். உடலின் ஆழத்தில் உள்ள கட்டியானால், அந்த எலெக்ட்ரான்களை ஓர் உலோகத் தகட்டின்மேல் மோதவிட்டு, அதிலிருந்து எழும் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சும். இரண்டாவது முறைக்கு ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையான எலெக்ட்ரான் ஓட்டம் வேண்டும். ஏனென்றால் அதன் வேகத்தைத் தகடும் அதன்கீழ் உள்ள வடிகட்டியும் தாங்கிக்கொள்ளும். தகடு இல்லாத நேரத்தில் அந்த வலிமையான ஓட்டம் வெளிப்பட்டால், அது நோயாளியின் உடலில் நேரே இறங்கிவிடும். இந்த ஒன்றை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன்பு வந்த தெராக்-20 என்ற இயந்திரத்தில் இத்தகைய ஆபத்தைத் தடுக்கத் தனியான காவல் இருந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் மின்சாரத்தையே துண்டித்துவிடும் கருவிகளை அதில் பொருத்தியிருந்தார்கள். நம் செம்பனை ஆலைகளில் நீராவிக் கொதிகலன் இருக்கிறதல்லவா? அதனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார். ஆனாலும் அழுத்தம் மிகுந்தால் தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்றையும் அதில் வைத்திருப்பார்கள். ஆள் அயர்ந்தாலும் வால்வு அயராது. அப்படிப்பட்ட காவல்தான் அது.

தெராக்-25 இயந்திரத்தைச் செய்தபோது, இந்தக் காவல்களில் பலவற்றை விட்டுவிட்டார்கள். அவற்றின் வேலையையும் கணினியிடமே ஒப்படைத்தார்கள். கணினி களைப்படையாது, கணினி மறக்காது, ஆகவே கணினியே போதும் என்பது அவர்கள் எண்ணம். அந்த மென்பொருளின் பெரும்பகுதி பழைய இயந்திரங்களிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. அதனை எழுதியவர் ஒரே ஒருவர்.

1985-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மாரியெட்டா என்னும் ஊரில், மார்பகக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட 61 வயதுப் பெண்மணி ஒருவர் கதிர்ச் சிகிச்சைக்கு வந்தார். இயந்திரம் இயங்கியதும் அவர் உடலில் தாங்க முடியாத சூடு பாய்ந்தது. என்னைச் சுட்டுவிட்டீர்களே என்று அவர் அங்கிருந்த பணியாளரிடம் சொன்னார். அப்படி நடக்க வழியே இல்லை என்று பதில் வந்தது. உற்பத்தியாளரைக் கேட்டார்கள். அங்கிருந்தும் அதே பதில்தான். நாள்கள் செல்லச் செல்லத் தோல் வெந்து, தசை அழிந்தது. பிறகு மார்பகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. தோளும் கையும் செயல் இழந்தன.

அடுத்த மாதமே கனடாவின் ஹாமில்டன் நகரில் இன்னொரு நோயாளி. இயந்திரம் ஐந்து விநாடி இயங்கி நின்றது. கதிர் எதுவும் பாயவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. பணியாளர் அதை நம்பி, தொடர்க என்னும் பொத்தானை மீண்டும் அழுத்தினார். இப்படியே மேலும் நான்கு தடவை நடந்தது. திரை சொன்னது பொய், கதிர் பாய்ந்திருந்தது. ஆராய வந்த பொறியாளர்களால் அந்தப் பிழையை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. ஒரு சிறிய சுவிட்சின்மேல் ஐயம் கொண்டு அதைத் திருத்தினார்கள். இனி இயந்திரம் முன்னைவிட ஒரு லட்சம் மடங்கு பாதுகாப்பானது என்று கணக்குச் சொன்னார்கள். நோயின் வேர் எது என்று காணாமலேயே நோய் தீர்ந்தது என்று சொன்ன கதை அது.

அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா என்ற ஊரில் மூன்றாவது விபத்து. அங்கும் இயந்திரத்தால் இது நேர்ந்திருக்க முடியாது என்றே எழுதி அனுப்பினார்கள். இதுபோன்று வேறெங்கும் நடந்ததில்லை என்றும் தெரிவித்தார்கள்.

நேயர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று ஊர்களில் மூன்று பேர் சுடுபட்டுவிட்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் இருந்தவர்கள், தங்களுக்கு மட்டுமே இப்படி நேர்ந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு லயத்தில் நடந்த நெருப்பு அடுத்த லயத்துக்குத் தெரியாமல் போனால், அந்த லயமும் எரியத்தானே செய்யும்?

1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21-ஆம் நாள். டெக்ஸாஸ் மாநிலத்தில் டைலர் என்னும் நகரம். அங்குள்ள புற்றுநோய் மையத்தில் இந்த இயந்திரம் இரண்டு ஆண்டுகளாக 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்திருந்தது. அன்று ஒன்பதாவது தடவையாகச் சிகிச்சைக்கு வந்திருந்தார் ஒருவர். இயந்திரத்தை இயக்கிய பெண்மணி தம் தொழிலில் நல்ல அனுபவம் பெற்றவர். விரைவாகத் தட்டச்சு செய்யக்கூடியவர். எலெக்ட்ரான் என்பதற்குரிய எழுத்துக்குப் பதிலாக, எக்ஸ்ரே என்பதற்குரிய எழுத்தைக் கைதவறித் தட்டிவிட்டார். உடனே பிழையைக் கண்டார், மேலே போய்த் திருத்தினார், இயந்திரத்தை இயக்கினார். திரையில் ‘கோளாறு 54’ என்று வந்தது. கோளாறு 54 என்றால் என்னவென்று அவரிடம் இருந்த கையேட்டில் விளக்கம் இல்லை. இந்த இயந்திரம் அடிக்கடி இப்படி ஏதாவது எண்ணைக் காட்டி நிற்பது வழக்கம். ஒரே நாளில் 40 தடவை வரை நின்றது உண்டு என்று இதனை இயக்கியவர் ஒருவர் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆகவே வழக்கம்போல் தொடர்க என்ற பொத்தானை அழுத்தினார்.

சிகிச்சை அறைக்குள் தனியே படுத்திருந்தவருக்கோ முதுகில் மின்சாரம் தாக்கியது போல, கொதிக்கும் காப்பியை ஊற்றியது போல இருந்தது. இது முறையன்று என்று உணர்ந்து அவர் எழ முயன்றார். அப்போது இரண்டாவது அடி கையில் விழுந்தது. அவர் கதவருகே ஓடி அதைத் தட்டினார். வழக்கமாக உள்ளே நடப்பதைக் காட்டும் திரையின் இணைப்பு அன்று கழன்றிருந்தது. அறைக்குள் பேசுவதைக் கேட்கும் கருவியும் பழுதாகியிருந்தது. அவருக்குக் கொடுக்க வேண்டிய கதிரின் அளவு 180 ராட். அவர் உடலில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஐந்து மாதம் துன்புற்று அவர் இறந்தார்.

பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழையை வரவழைக்க அவர்களால் இயலவில்லை. மின்சாரம் தாக்கியிருக்கலாம் என்றார்கள், அதையும் சோதித்தார்கள், மின்கசிவு இல்லை. இயந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. ஏப்ரல் 11-ஆம் நாள் அதே மையத்தில், அதே பெண்மணி இயக்கும்போது, இன்னொரு நோயாளிக்கு அதே கோளாறு 54 வந்தது. இம்முறை ஒலிக்கருவி வேலை செய்தது. பெருத்த ஓசையும் நோயாளியின் முனகலும் வெளியே கேட்டன. மூன்று வாரத்தில் அவரும் இறந்தார்.

அந்த மையத்தின் இயற்பியலாளர் பிரிட்ஸ் ஹேகர். அவர் இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பெண்மணியையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அன்று செய்ததை எல்லாம் அப்படியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். இறுதியில் உண்மை அகப்பட்டது. வேகந்தான் அதன் திறவுகோல். பிழையை மிக விரைவாகத் திருத்தினால் மட்டுமே அந்தக் கோளாறு வந்தது. ஆராய வந்தவர்கள் நிதானமாகத் தட்டியதால் அவர்களுக்கு அது தலைகாட்டவில்லை.

இதன் உட்பொருளை நம் தோட்டத்து வழக்கத்தில் சொல்லிப் பார்ப்போம். கிராணி செக்ரோலில் இருபது ஆள்களை மலைமேட்டு வெட்டுக்காட்டுக்கு என்று எழுதுகிறார். அந்தக் கட்டளையைப் பெற்றுக்கொண்டு மண்டோர் கிளம்பிவிடுகிறார். அவர் போன பிறகு கிராணி ஏட்டைத் திருத்தி, ஆற்றோரத்துக்கு என்று எழுதுகிறார். ஏடு சரியாக இருக்கிறது; ஆனால் ஆள்கள் மேட்டில் நிற்கிறார்கள். கருவிகளை ஏற்றிய லாரியோ திருத்திய ஏட்டைப் பார்த்து ஆற்றோரம் போகிறது. தெராக்-25 இயந்திரத்தில் நடந்தது இதுதான். காந்தங்களைச் சரிசெய்ய அதற்கு எட்டு விநாடி பிடிக்கும். அந்த எட்டு விநாடிக்குள் திருத்தம் செய்து முடித்துவிட்டால், இயந்திரத்தின் ஒரு பாதி பழைய கட்டளையிலேயே நின்றுவிடும். மறு பாதி புதிய கட்டளைக்கு மாறிவிடும். எக்ஸ்ரேக்குரிய வலிமையான ஓட்டம் பாயும். அதைத் தாங்க வேண்டிய தகடு மட்டும் அங்கே இராது.

இந்தச் செய்தி வெளியானதும் உற்பத்தியாளர் செய்த முதல் திருத்தம் என்ன தெரியுமா? மேலே போய்த் திருத்துவதற்கான பொத்தானின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நாடாவை ஒட்டிவிடச் சொன்னார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இது போதாது என்றது. மே மாதத்தில் இயந்திரம் குறைபாடுடையது என்று அறிவித்தது. முறையான திருத்தத் திட்டம் கேட்டது. அந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சும் கடிதமும் நீண்டுகொண்டிருக்கும்போதே, 1987-ஆம் ஆண்டு ஜனவரியில் யாக்கிமாவில் ஆறாவது விபத்து நடந்தது. அதற்குக் காரணம் வேறொரு பிழை. மோட்டார் சைக்கிளின் மீட்டர் கடைசி எண்ணைத் தொட்டதும் மீண்டும் பூச்சியத்துக்கு வருகிறதல்லவா? அதுபோல மென்பொருளுக்குள் இருந்த ஒரு கணக்கு, 256-ஆவது தடவை வரும்போது பூச்சியமாகிவிடும். பூச்சியம் என்றால், சோதிக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று பொருள். சரியாக அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால், இயந்திரம் சோதனையைச் செய்யாமலே கதிரைப் பாய்ச்சிவிடும். அந்த நோயாளி ஏப்ரலில் இறந்தார். பிப்ரவரியிலேயே இந்த இயந்திரங்களை வழக்கமான சிகிச்சைக்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு அதிகாரிகள் கூறிவிட்டார்கள். பின்பு மென்பொருள் பிழைகளைத் திருத்தியதோடு, கணினியைச் சாராத தனிக் காவல்களையும் பொருத்தினார்கள்.

ஆக, ஆறு விபத்துகள். குறைந்தது மூன்று உயிர்கள். இந்த வரலாற்றை நான்சி லெவசன், கிளார்க் டர்னர் என்னும் இரு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கணினி படிக்கும் மாணவர்கள் அதனை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

இந்தக் கதையில் ஒரு சிறு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பழைய தெராக்-20 இயந்திரம் இருந்தது. புதிய மாணவர்கள் வந்து பழகத் தொடங்கும்போதெல்லாம் அதன் ஃபியூஸ் எரிந்து போகும். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. டைலர் நகரத்துச் செய்தி வந்த பிறகு சோதித்துப் பார்த்தார்கள். அதே பிழை பழைய இயந்திரத்திலும் இருந்தது! ஆனால் அங்கே காவல் இருந்தது. பிழை வரும்போதெல்லாம் ஃபியூஸ்தான் எரிந்தது, நோயாளி எரியவில்லை. எரிந்துபோன ஃபியூஸை நாம் தொல்லை என்று கருதுகிறோம். சில வேளைகளில் அது ஓர் உயிரைக் காத்த அடையாளமாகவும் இருக்கிறது.

இது வரை கண்டது, மென்பொருளில் தானே அமைந்துவிட்ட பிழைகளின் வரலாறு. இனி இரண்டாவது காலகட்டத்துக்கு வருவோம். தெராக் காலத்தில் ஒவ்வோர் இயந்திரமும் தனித்து நின்றது. பிறகு மருத்துவமனை இயந்திரங்கள் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. நல்ல வசதிதான். ஆனால் கதவு திறந்தால் காற்றும் வரும், கள்வனும் வருவான். மென்பொருளில் உள்ள ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, அதன் வழியே புகுந்து, தீங்கு செய்யும் தீய மென்பொருள்கள் தோன்றின. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் அதை அடைக்க, அதனைச் செய்த நிறுவனம் ஒரு திருத்தத்தை அனுப்பும். மிதிவண்டி டியூப்புக்கு ஒட்டுப் போடுவதைப் போன்றது இது. இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று பெயர்.

ஒட்டுப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் உலகம் கண்டது. வான்னாகிரை என்ற தீய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. கணினியில் உள்ளவற்றைப் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்று மிரட்டுவது அதன் வேலை. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகப் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவச் சேவை பெரிதும் அடிபட்டது. அதன் 236 மருத்துவ அமைப்புகளில் 80 பாதிக்கப்பட்டன. படம் எடுத்தும் சோதித்தும் நோயறியும் கருவிகளில் 1,220 கருவிகளுக்குள் அது புகுந்திருந்தது. மருத்துவரைக் காணக் குறித்திருந்த நாள்கள் 19,000-க்கும் மேல் தள்ளிப் போயிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. ஐந்து வட்டாரங்களில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தீய மென்பொருள் மருத்துவமனைகளைக் குறிவைத்து எழுதப்பட்டதன்று. ஆனால் வெள்ளம் வீடு பார்த்தா நுழையும்?

நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் 2018-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு திருட்டு நடந்தது. சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களும், அவர்களுள் 160,000 பேருக்குக் கொடுத்த மருந்துகளின் விவரமும் களவு போயின. இங்கே இயந்திரம் நிற்கவில்லை, ஏடு திருடுபோயிற்று. ஆயினும், இது எங்கோ மேல்நாட்டில் நடப்பது என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதை அது காட்டியது.

அப்படியானால் புதுப்பிப்பு வந்தவுடனே போட்டுவிட வேண்டியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அத்தனை எளிதன்று. மருத்துவ இயந்திரம் ஒன்று பத்து, பதினைந்து ஆண்டுகள் கூட உழைக்கும். அதன் உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு அதற்குள் வயதாகிவிடும். இயந்திரத்தை நிறுத்தினால்தான் திருத்த முடியும். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போடும் ஒட்டே கேடு செய்யாது என்பதைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

இதனை விளக்க ஓர் உண்மை நிகழ்ச்சி. துடிப்புக் குறைந்த இதயத்துக்குத் துணையாக மார்பில் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி உண்டு. பேஸ்மேக்கர் என்பார்கள். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்போது அபட் நிறுவனத்துக்கு உரியனவாக இருந்த ஒரு வகைப் பேஸ்மேக்கர்களில் ஓட்டை இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. வெளியிலிருந்து ஒருவர் அக்கருவிக்குத் தவறான கட்டளை அனுப்பிவிட முடியும். அமெரிக்காவில் மட்டும் 465,000 கருவிகள் மனித மார்புகளுக்குள் இருந்தன. யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக அதுவரை செய்தி இல்லை. திருத்தம் ஆயத்தமாக இருந்தது. அறுவை வேண்டாம், மருத்துவமனைக்கு நேரில் வந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று நிமிடமும் கருவி தன் வழக்கமான வேலையை விட்டு, நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று நிலையில் இயங்கும். முந்திய அனுபவத்தை வைத்துப் பார்த்தால், லட்சத்தில் 3 கருவிகள் முற்றிலும் செயலிழக்கக்கூடும். லட்சத்தில் 23 கருவிகள் தமக்கு இட்ட அமைப்பை மறந்துவிடக்கூடும்.

திருத்தாவிட்டால் ஓர் ஆபத்து. திருத்தினால் வேறோர் ஆபத்து. சிறிதென்றாலும் ஆபத்து ஆபத்துதான். ஆகவே எல்லார்க்கும் ஒரே கட்டளை இடாமல், ஒவ்வொரு நோயாளியும் தம் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யட்டும் என்றார்கள். அந்தக் கருவியையே நம்பி உயிர் வாழ்பவர்களுக்கு, மாற்றுக் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு திருத்தம் செய்வது நல்லது என்றும் அறிவுரை கூறினார்கள். பக்குவமான முடிவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருத்தமே வினையாவதும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கணினிகளைக் காப்பதற்கென்றே இருக்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றில் பிழை இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நின்றுபோயின. பல நாடுகளில் மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. கள்வன் வரவில்லை, காவல்காரரின் கைத்தடியே விளக்கைத் தட்டிவிட்டது.

இத்தனை பட்ட பிறகு சட்டங்களும் வந்தன. மருத்துவக் கருவி செய்பவர்கள், விற்ற பிறகும் ஓட்டைகளைக் கண்காணித்துத் திருத்தம் அனுப்பத் திட்டம் வைத்திருக்க வேண்டும், கருவிக்குள் என்னென்ன மென்பொருள்கள் உள்ளன என்ற பட்டியலையும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. நம் மலேசியாவிலும் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் இருக்கிறது. கருவிகளைப் பதிவு செய்து மேற்பார்வையிட அதன்படி ஓர் அதிகாரத் தரப்பு இயங்கி வருகிறது.

சரி, இந்த வரலாற்றிலிருந்து தோட்டத்துக் குடும்பங்களாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, இதைக் கேட்டு மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுவது அறியாமை. கதிர்ச் சிகிச்சையாலும் பேஸ்மேக்கராலும் உயிர் பிழைத்தவர்கள் எண்ணற்றவர்கள். கொதிகலன் ஒன்று வெடித்தது என்பதற்காக உலகம் சமைப்பதை நிறுத்தவில்லை.

இரண்டாவது, உடம்பு சொல்வதை வாய் திறந்து சொல்ல வேண்டும். பெரிய இடம், படித்தவர்கள், நாம் என்ன சொல்வது என்று தயங்கும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. மாரியெட்டா பெண்மணியை எண்ணிப் பாருங்கள். எந்தப் பொறியாளருக்கும் தெரியாத உண்மையை முதலில் அறிந்தது அவருடைய உடம்பு. அவர் சொன்னது சரி. இயந்திரத்தை நம்பியவர்கள் சொன்னது தவறு. சிகிச்சையின்போது சுட்டாலும், வலித்தாலும், பம்பு ஓயாமல் ஒலித்தாலும், உடனே தாதியிடம் சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லிக் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள். மொழி வரவில்லை என்றால் பிள்ளைகளைக் கொண்டு சொல்லுங்கள்.

மூன்றாவது, உடலுக்குள் கருவி பொருத்தியவர்கள் அதற்குரிய அட்டையை அடையாளக் கார்டோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வீடு மாறினால் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மருத்துவமனையில் தெரிவிக்க வேண்டும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் நம் குடும்பங்கள் இதைத்தான் மறந்துவிடுகின்றன. திருத்தம் வந்தால் உங்களை எங்கே தேடுவார்கள்? பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளில் தவறாமல் போக வேண்டும்.

நான்காவது, நம் பிள்ளைகளுக்கு. இன்று தோட்டத்து வீடுகளிலிருந்து தாதியராகவும், ஆய்வுக்கூடப் பணியாளராகவும், கணினி வல்லுநராகவும் பல பிள்ளைகள் போகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. திரையில் வரும் எழுத்தை மட்டும் பார்க்காதே. படுக்கையில் கிடக்கும் மனிதரையும் பார். இது நடக்கவே முடியாது என்று யாராவது சொன்னால், நடந்ததா என்று நீயே போய்ப் பார். டைலர் நகரத்து ஹேகர் செய்தது அதுதான். பெரிய அறிவியல் கூடமோ பெரும் பணமோ அவருக்குத் தேவைப்படவில்லை. நோயாளி சொன்னதை நம்பினார். இயக்கியவரைக் குற்றம் சாட்டாமல் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். பிழை அகப்படும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இயந்திரம் தவறு செய்யுமா என்ற கேள்வியோடு தொடங்கினோம். இயந்திரத்துக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. மனிதர் எழுதிய கட்டளையை அது செய்கிறது. எழுதியவர் யானையே ஆனாலும் அடி சறுக்கும். ஆகவே சறுக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி இருக்க வேண்டும். விழுந்தவர் கூப்பிட்டால் கேட்பதற்கு ஒரு காதும் இருக்க வேண்டும்.